நரம்புக்கு நல்லதாம்

என் சித்தப்பாவைச் சும்மா உட்கார வைக்க வேண்டுமானால் கட்டிப்போட வேண்டும். கட்டிப்போட்டாலும் நாற்காலியோடு நடப்பார். இது நோய் வருவதற்கு முந்தைய கதை. பார்க்கின்சன் என்று டாக்டர் பெயர் சொன்ன பிறகு அவருடைய வலது கையும் அந்தக் கூட்டணியில் சேர்ந்துகொண்டது. ஆள் சும்மா இருந்தாலும் கை சும்மா இருக்காது. கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் எதையோ உருட்டிக்கொண்டே இருக்கும்.

"என்ன சித்தப்பா, மாத்திரை உருட்டறீங்களா?"

"ஆமா வாலு. உனக்குத்தான். சாப்பிட்டா வாய் தானா மூடிக்கும்."

வாலு என்பது நான்தான். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டுவிட்டது, நானும் அதை விட்டுவிட்டேன். அப்பா கப்பலில் வேலை பார்ப்பவர். வருஷத்தில் பாதி கடலில் இருப்பார். அம்மா தபால் அலுவலகம் போய்விடுவாள். சித்தப்பாவும் சித்தியும் கீழ் வீடு. சித்தி பல் டாக்டரிடம் வரவேற்பில் உட்கார்ந்திருப்பவள். ஆக, பகலில் வெட்டியாக இருக்கும் ஒரே ஆள் நான். சித்தப்பாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகிற வேலை அப்படித்தான் என் தலையில் விழுந்தது.

சித்தப்பா லிஃப்ட் மெக்கானிக். கட்டடத்துக்குள் உச்சி முதல் அடி வரை ஓடும் அந்த இருட்டுச் சந்துக்கு ஷாஃப்ட் என்று பெயர். லிஃப்ட் பெட்டியின் கூரை மேல் ஏறி நின்றுகொண்டு, அந்தச் சந்தில் மேலும் கீழும் போய்த்தான் வேலை பார்க்க வேண்டும். இரண்டு பக்கமும் தண்டவாளம், பின்னால் பெட்டிக்கு எதிராக ஏறி இறங்கும் எடைக்கட்டை, தலைக்கு மேல் கயிறு. கால் ஒரு சாண் தப்பினால் பிறகு டாக்டருக்கு வேலை இல்லை.

கை நடுங்க ஆரம்பித்ததும் எல்லோரும் பயந்தார்கள். அவர் பயப்படவில்லை. "கை வேலைக்கு ஸ்பேனர் இருக்கான்" என்றார். ஸ்பேனர் அவருடைய கூட்டாளி. நெட்டையாக, தலை மட்டும் அகலமாக இருப்பதால் அந்தப் பேர். அவனுக்குக் கல்யாணம் ஆகவில்லை, சமைக்கத் தெரியாது, எனவே பாதி நாள் இரவுச் சாப்பாடு எங்கள் வீட்டில்தான். "கையி அவனோடது, காலு என்னோடது. ரெண்டு பேரும் சேர்ந்தா ஒரு முழு மெக்கானிக்" என்பார் சித்தப்பா.

அந்தக் காலைப் பற்றிச் சொல்ல வேண்டும். வேலை முடிந்ததும் சித்தப்பா பூட்ஸைக் கழற்றுவார், சாக்ஸைக் கழற்றுவார், லிஃப்டுக்குள் வெறுங்காலோடு நிற்பார். கண்ணை மூடிக்கொண்டு கீழிருந்து உச்சிக்கு ஒரு நடை, உச்சியிலிருந்து கீழே ஒரு நடை. பிறகு, "மூணுக்கும் நாலுக்கும் நடுவுல, இடப்பக்கத் தண்டவாளத்துல ஜாயின்ட் தூக்கியிருக்கு" என்பார். ஸ்பேனர் போய்ப் பார்த்தால் தூக்கியிருக்கும். அதிர்வை அளக்கக் கம்பெனியில் ஒரு கருவி உண்டு. அதைச் சூப்பர்வைசர் கொண்டுவந்து வைப்பார், அது சொல்வதுதான் எழுத்தில் போகும். ஆனால் கருவி வரும் முன்பே விஷயம் தெரிந்துவிடும் என்பதில் அவருக்கு ஒரு பெருமை. ஊரில் அவன் அவன் மூக்கைப் பற்றியும் முடியைப் பற்றியும் பெருமைப்படுகிறான். என் சித்தப்பா உள்ளங்காலைப் பற்றி.

அந்தக் கால்தான் போக ஆரம்பித்தது.

முதலில் கண்டுபிடித்தது நான். ஒரு நாள் காலையில் அவர் கிளம்பும் அவசரத்தில் அவருடைய பூட்ஸுக்குள் ஒரு ஐஸ் கட்டியைப் போட்டுவிட்டு, அவர் குதிக்கப் போவதைப் பார்க்கக் கதவுக்குப் பின்னால் நின்றேன். காலை நுழைத்தார். கயிற்றைக் கட்ட முயன்றார், விரல் ஒத்துழைக்காததால் கெட்ட வார்த்தை ஒன்று சொன்னார், மறுபடி கட்டினார், போய்விட்டார். நான் கதவுக்குப் பின்னாலேயே நின்றுகொண்டிருந்தேன். சாயங்காலம் வந்து, "எங்கடி மிதிச்சேன்னு தெரியல, சாக்ஸ் ஒரே ஈரமா இருந்துச்சு" என்று சித்தியிடம் சொன்னார். என் வாழ்க்கையில் பலிக்காமல் போன குறும்புகள் ஏராளம். அதையெல்லாம் மறுநாளே மறந்துவிடுவேன், இதை மறக்க முடியவில்லை.

அதற்குப் பிறகு நான் அவருடைய காலையே பார்த்துக்கொண்டு திரிந்தேன். கடைக்குப் போய் வரும்போது ஒரு செருப்பு கழன்று தெருவில் கிடக்கும். ஆள் மற்றொரு செருப்போடு குட்டிக் குட்டி அடியாக விறுவிறுவென்று போய்க்கொண்டிருப்பார். நான் பின்னாலேயே அதைத் தூக்கிக்கொண்டு ஓடுவேன்.

"சித்தப்பா, செருப்பு."

"ஓ. வேணும்னுதான் விட்டேன். நீ எடுக்கறியான்னு பாத்தேன்."

இந்த நேரத்தில்தான் ஓர் அலுவலகக் கட்டடத்தில் அவர் வெறுங்காலோடு நின்று, "வெண்ணெய் மாதிரி போகுது" என்று சொன்ன லிஃப்டைப் பற்றிப் புகார் வந்தது. பாதி வழியில் தூக்கிப் போடுகிறதாம். சூப்பர்வைசர் கருவியை வைத்துப் பார்த்தார். தூக்கித்தான் போட்டது. கருவி வைத்துப் பார்த்தபின் கையெழுத்தாகிற வேலை என்பதால் கெட்டுப்போனது ஒன்றுமில்லை. ஆனால் சூப்பர்வைசர் கேட்டுவிட்டார்: "என்னப்பா, உன் காலுக்கு என்ன ஆச்சு?"

"சளி பிடிச்சிருக்கு சார்."

ஸ்பேனர் சிரித்தான். சூப்பர்வைசர் சிரிக்கவில்லை. அடுத்த உடல் தகுதிப் பரிசோதனைக்குக் கொஞ்ச நாள்தான் இருந்தது. கை நடுங்கினாலும், கூட ஆள் இருந்தால் மேலே போகலாம் என்று கம்பெனி டாக்டர் விட்டுவைத்திருந்தார். காலில் உணர்ச்சி இல்லை என்று தெரிந்தால் விடமாட்டார், விடவும் கூடாது. மேலே போகாத லிஃப்ட் மெக்கானிக் என்றால் என்ன? கதவுக்கு வெளியே பட்டனை அழுத்திவிட்டு நிற்கிற ஆள். அதை நினைத்தே சித்தப்பா வீட்டுக்குள் இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் நடந்தார். திரும்பும் இடத்தில் கால் தரையோடு ஒட்டிக்கொள்ளும். ஒரு தள்ளாட்டம், பிறகு மறுபடி நடை.

"தலை சுத்துதுங்க, உக்காருங்களேன்" என்பாள் சித்தி.

"உனக்கு சுத்துதா எனக்கு சுத்துதா?"

"எனக்குத்தான்!"

நான் யாரிடமும் சொல்லாமல், டாக்டரைப் பார்க்க வேண்டிய நாளை முன்னால் தள்ளி வாங்கினேன். போனில் சித்தி குரலில் பேசினேன். அந்தத் திறமைக்கெல்லாம் பள்ளிக்கூடத்தில் மதிப்பெண் கிடையாது.

நரம்பு டாக்டர் ஒரு பெண்மணி. மெதுவாகப் பேசுவார், வேகமாகப் பார்ப்பார். சித்தப்பாவை எழுந்து நடக்கச் சொன்னார், விரலைத் தட்டச் சொன்னார், பிறகு சாக்ஸைக் கழற்றச் சொன்னார். மேஜை இழுப்பறையிலிருந்து ஓர் இரும்புக் கவையை எடுத்தார். தட்டினால் ரீங்காரமிட்டு அதிரும் கவை. அதன் காம்பைச் சித்தப்பாவின் கால் கட்டைவிரல் மேல் வைத்தார்.

"கண்ணை மூடிக்கோங்க. அதிர்வு தெரியுதா?"

"தெரியுது டாக்டர்."

"நல்லா தெரியுதா?"

"ஜம்முனு தெரியுது."

"நான் இன்னும் தட்டவே இல்லையே."

அதிர்வைக் காலால் படிக்கிற மனுஷன், இல்லாத அதிர்வை இருக்கிறது என்று சொல்லி மாட்டிக்கொண்டார். வழக்கமாக இப்படி ஒருவர் மாட்டினால் நான் விழுந்து விழுந்து சிரிப்பேன். அன்றைக்கு ஜன்னலுக்கு வெளியே ஏதோ முக்கியமான விஷயம் நடப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

டாக்டர் கோபப்படவில்லை. ரத்தம் எடுக்க எழுதினார். சர்க்கரை, தைராய்டு, வைட்டமின்கள், எல்லாம். ரிப்போர்ட் வந்ததும் மறுபடி போனோம். சித்தப்பா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். கை உருட்டியது, முழங்கால் ஆடியது.

"நேரா கேக்கறேன் டாக்டர். நோய் முத்திப்போச்சா?"

"நோய் இருக்கு. ஆனா கால் மரத்துப்போறதுக்கு அது மட்டும் காரணம்னு நான் நினைக்கல. சர்க்கரை இல்ல. பி12 கொஞ்சம் கம்மி. நீங்க சாப்பிடற முக்கியமான மாத்திரையை வருஷக்கணக்கா எடுக்கறவங்களுக்கு அது குறையறது உண்டு. அதுக்குத்தான் முன்னாடியே தனியா பி12 எழுதிக் குடுத்தேன். டி ரொம்ப கம்மி. வெயில்ல நிப்பீங்களா?"

"வெயிலா? ஷாஃப்டுக்குள்ள ஏது டாக்டர் வெயில்?"

"சரி, அதுக்கும் மருந்து இருக்கு. எனக்குப் புரியாதது பி6."

"அதுவும் கம்மியா?"

"கூரையைப் பிச்சுக்கிட்டு நிக்குது."

சித்தப்பாவின் முகம் மலர்ந்தது. ஒரு பாடத்திலாவது நூற்றுக்கு நூறு வாங்கிய பையனின் முகம். எனக்கு அந்த முகம் நேரில் வாய்த்ததில்லை, ஆனால் பக்கத்து பெஞ்சில் பார்த்திருக்கிறேன்.

"சந்தோஷப்படாதீங்க" என்றார் டாக்டர். "வைட்டமின்தானே, நல்லதுதானேன்னு எல்லாரும் நினைக்கறாங்க. பி6 கம்மியானாலும் நரம்புக்குக் கெடுதல், ரொம்ப நாளா அளவுக்கு மேல போனாலும் கெடுதல். பாதத்துலதான் முதல்ல அடிக்கும். உங்களுக்கு யார் இவ்வளவு குடுக்கறாங்க?"

"யாரும் இல்ல டாக்டர். நீங்க எழுதினது மட்டும்தான்" என்று சித்தப்பா கூரையைப் பார்த்துச் சொன்னார்.

"நான் எழுதினதுல பி6 கிடையாது. வீட்டுல கேட்டுட்டு வாங்க. எல்லாத்தையும் ஒரு பையில போட்டு எடுத்துட்டு வாங்க."

என் குடும்பத்தை எனக்குத் தெரியும். "யார் அதிகமாகக் கொடுத்தது" என்று கேட்டால் கல்லிலிருந்து நார் உரிக்கலாம், இவர்கள் வாயிலிருந்து ஒரு சொல் வாங்க முடியாது. திட்டு விழும் என்றால் எல்லோரும் ஊமை. பாராட்டு விழும் என்றால் மைக் வேண்டும். எனவே சாப்பாட்டு மேஜையில் எல்லோரும் கூடியதும் நான் தொண்டையைச் செருமினேன்.

"ரிப்போர்ட் வந்துடுச்சு. டாக்டர் அசந்துட்டாங்க. சித்தப்பா நரம்பு இந்த அளவுக்குத் தாங்கறதுக்குக் காரணம் பி6தானாம். யாரோ ஒரு புண்ணியவான் சத்தமில்லாம குடுத்துக்கிட்டு இருக்காங்க, அவங்க கையைப் பிடிச்சு நன்றி சொல்லணும்னு சொன்னாங்க."

சித்தப்பா என்னை முறைத்தார். நான் மேஜைக்கு அடியில் அவர் காலை மிதித்தேன். அது அவருக்குத் தெரிந்திருக்காது என்பது அப்புறம்தான் உறைத்தது.

முதலில் சித்தி கரண்டியைக் கீழே வைத்தாள். வெட்கம் வந்துவிட்டது. "எதுக்குச் சொல்லிக் காட்டணும்னு இருந்தேன். எங்க டாக்டர்கிட்ட நரம்பு மாத்திரை சாம்பிளா வரும். தினமும் காலையில பொடிச்சு பால்ல கலந்து குடுத்துடுவேன். அவருக்கே தெரியாது."

அம்மாவின் முகம் சுருங்கியது. "காலையிலதானே? சாயங்காலம் நான் குடுக்கற சத்து மாவு? என்கூட வேலை செய்யறவ விக்கறா, டின்னு டின்னா வாங்கறேன். நரம்புக்குன்னே போட்டதாம். தம்பி ரெண்டு கிளாஸ் குடிப்பாரு. கேட்டுப்பாரு."

"குடிப்பேன் அண்ணி" என்றார் சித்தப்பா பரிதாபமாக.

"ரெண்டு பேரும் சண்டை போடாதீங்க" என்று ஸ்பேனர் எழுந்தே நின்றுவிட்டான். பேன்ட் பையிலிருந்து ஓர் அட்டையை உருவினான். "மதியம் யாரு? நான்! சப்பற மாத்திரை. ஆரஞ்சு வாசனை. எங்க அண்ணனுக்கு முதுகு பிடிச்சப்போ இதுதான் தூக்கி நிறுத்துச்சு. அண்ணே, மிட்டாய்னு சொல்லித்தானே குடுப்பேன்?"

"மிட்டாய்னுதாண்டா நினைச்சேன்."

"பாத்தியா!" என்று ஸ்பேனர் என்னிடம் கை நீட்டினான். நன்றி சொல்லக் கையைப் பிடிக்க வேண்டுமல்லவா.

நான் அவன் கையிலிருந்த அட்டையைத் திருப்பினேன். சித்தியின் அட்டையைக் கொண்டு வரச் சொன்னேன், அம்மாவின் டின்னை இறக்கினேன். பேர் வேறு, நிறம் வேறு, விலை வேறு. பின்பக்கம் பொடி எழுத்தில் பி6, பி6, பி6. சித்தப்பா மூன்றையும் வாங்கிப் பார்த்தார். பிறகு எழுந்து, தள்ளாடிப் போய், தன் கருவிப் பெட்டியைத் திறந்தார். ஸ்க்ரூடிரைவர்களுக்கு அடியிலிருந்து ஒரு பாட்டில் வந்தது. குதிரைக்குக் கொடுக்கிற சைஸ் மாத்திரை.

"இது எதுக்குங்க?" என்றாள் சித்தி.

"காலு மரத்துப்போக ஆரம்பிச்சுது. மருந்துக் கடையில நரம்புக்கு நல்லதா ஸ்ட்ராங்கா ஏதாவது குடுன்னு கேட்டேன். சரியாகல. அதனால ரெண்டாக்கினேன்."

அப்போதுதான் நான் டாக்டர் சொன்னதைச் சொன்னேன், ஒன்று விடாமல். கவையைத் தட்டாமலே வைத்த கதையையும் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. ஸ்பேனர் நீட்டிய கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் தலையில் வைத்துக்கொண்டான்.

சித்தி மெதுவாகக் கேட்டாள்: "அப்ப நான் தினமும் பால்ல கலந்து குடுத்தது..."

"நீ மட்டுமா? நாலு பேரு சேர்ந்து செஞ்ச வேலை. அதுல நானும் ஒருத்தன்" என்றார் சித்தப்பா. "விடு. அடுத்தவன் வீட்டுல ஒரு டம்ளர் தண்ணி குடுக்க ஆள் இல்ல. எனக்கு நரம்பு ஒண்ணுக்கு ஒரு ஆள்."

சித்தி அழுதாள். அம்மா டின்னைக் குப்பையில் கவிழ்த்தாள். காரம் அதிகம் என்று சொல்லி எழுந்துவிட்டேன்.

அடுத்த முறை பை நிறையச் சரக்கோடு போனோம். டாக்டர் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். எல்லாவற்றையும் நிறுத்தினார். பி12 ஊசி, டி மருந்து, அத்துடன் பார்க்கின்சன் மாத்திரை. "நான் சொல்லாம மிட்டாய்கூட சாப்பிடக் கூடாது" என்றார். கால் எப்போது வரும் என்று சித்தப்பா கேட்டதற்கு, மாதக்கணக்கில் ஆகலாம், முதலில் கொஞ்சம் மோசமானது போலக்கூட இருக்கலாம், முழுசாக வருமா என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது என்றார்.

ஆஸ்பத்திரி வாசலில் சித்தப்பா நின்றார். நிற்கும்போதே ஆடினார்.

"பரிசோதனையில கம்பெனி டாக்டர் கவையெல்லாம் வைக்கமாட்டாரு. வாலு, தெரியுமா? பிபி பாப்பாரு, நாக்கை நீட்டச் சொல்லுவாரு. அவ்வளவுதான்."

பொய் சொல்வது எப்படி என்று கேட்டிருந்தால் சொல்லித் தந்திருப்பேன். அவர் அதைக் கேட்கவில்லை. தெரு முனை வரை போனார், திரும்பி வந்தார், மறுபடி போனார்.

"மேல நிக்கும்போது எனக்குப் பின்னாடி ஸ்பேனர் நிப்பான்" என்றார். "நான் சரிஞ்சா அவனைப் பிடிச்சுக்கிட்டுத்தான் சரிவேன்."

அங்கிருந்தே சூப்பர்வைசருக்குப் போன் போட்டார். கை நடுக்கத்தில் மூன்று தடவை தப்பு எண். நான் போட்டுக் கொடுத்தேன். "சார், அன்னைக்கு சளின்னு சொன்னது பொய். பாதத்துல உணர்ச்சி இல்ல. என்னை மேல அனுப்பாதீங்க." அந்தப் பக்கம் என்ன சொன்னார்களோ, "சரி சார், சரி சார்" என்று தலையாட்டினார். போனுக்கு எதற்குத் தலையாட்ட வேண்டும்?

அவருக்கு அலுவலகத்தில் போன் மேஜை கிடைத்தது. லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்கள் உள்ளே இருக்கும் பட்டனை அழுத்தினால் அங்கே மணி அடிக்கும். நோயால் சித்தப்பாவின் குரல் தேய்ந்துவிட்டது. அதனால் மாட்டிக்கொண்டவர்கள் முதலில் கத்துவார்கள், பிறகு இவர் என்ன சொல்கிறார் என்று கேட்பதற்காகவே வாயை மூடுவார்கள். "கதவைத் தள்ளாதீங்க. காத்து வரும். ஆள் வந்துக்கிட்டு இருக்கான். உங்க பேரு என்ன? என்ன வேலை பாக்கறீங்க?" என்று பேசிக்கொண்டே இருப்பார். ஸ்பேனர் போய்ச் சேர்வதற்குள் அவர்களுடைய குடும்பக் கதை முழுக்கச் சித்தப்பாவுக்குத் தெரிந்துவிடும். நல்ல வேலைதான், எல்லோரும் சொல்கிறார்கள். அவர் மட்டும் சொல்லவில்லை. நாற்காலி வேலையாம். ஒருநாள் சாப்பாடு கொடுக்கப் போனேன். மேஜைக்கு அடியில் அவருடைய இரண்டு காலும் பூட்ஸ் இல்லாமல் தரையை அழுத்தி அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தன.

ஊசிகள் போய்க்கொண்டே இருந்தன. முதலில் மோசமாகத்தான் ஆனது. பிறகு ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகாத காலம்தான் கொடுமை. சித்தப்பா மறுபடி சுவருக்குச் சுவர் நடந்தார். வெயில் வேண்டும் என்று மொட்டை மாடியிலும் நடந்தார். மாடியில் துணி காயப்போட இடமில்லாமல் போனது.

ஒரு நாள் பஸ்ஸில் நானும் அவரும் வந்துகொண்டிருந்தோம். கூட்டம். சக்கரம் வைத்த காய்கறிப் பையை இழுத்துக்கொண்டு ஓர் அம்மாள் இறங்க வந்தார். சக்கரம் சித்தப்பாவின் காலில் ஏறியது.

"ஆ!"

பஸ்ஸே திரும்பியது. அந்த அம்மாள், "மன்னிச்சுக்கோங்க, பாக்கல" என்று பதறினார்.

"எந்தக் காலும்மா?" என்றார் சித்தப்பா.

"என்னது?"

"எந்தக் கால்ல ஏத்தினீங்க? இடதா, வலதா?"

"இடது..."

"இடது! கேட்டியா வாலு? இடது! அம்மா, ஒரு உதவி. வலதுலயும் ஒரு தடவை ஏத்துங்களேன்."

அந்த அம்மாள் பையைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு இறங்கி ஓடினார். பக்கத்தில் நின்றவர்கள் இரண்டடி தள்ளி நின்றார்கள். வேறு வழியில்லாமல் நான்தான் வலது காலை மிதித்தேன். முழு பலத்தோடு. அவர் என் முகத்தைப் பார்த்தார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். ஒன்றும் இல்லை.

இறங்க வேண்டிய இடத்துக்கு முன்னாலேயே இறங்கி மீதித் தூரத்தை நடந்தே வந்தார். நடையா அது, ஓட்டம்.

அன்றிலிருந்து காலையில் சித்தி அவருக்குச் சாக்ஸ் மாட்டிவிடும் முன் ஒரு சடங்கு நடக்கிறது. அவரைக் கண்ணை மூடச் சொல்வாள். இடது கால் விரலைக் கிள்ளுவாள். "வலிக்குதுடி" என்று கத்துவார். பிறகு வலது. அந்த நேரத்தில் வீட்டில் யாரும் பாத்திரம் உருட்டக் கூடாது, மேலேயிருந்து அம்மாகூட இறங்கி வந்து நிற்பாள். சித்தி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு கிள்ளுவாள். தெரிகிறது என்று ஒரு வார்த்தை சொன்னால் அவள் அன்றைக்கு எவ்வளவு சந்தோஷமாக வேலைக்குப் போவாள் என்று அவருக்குத் தெரியும். எனக்கும் தெரியும். நானாக இருந்தால் சொல்லியிருப்பேன்.

"தெரியுதா?"

"இல்ல."

"இப்ப?"

"இல்லடி."

"நல்லா அழுத்தறேன். இப்ப?"

"நீ எங்க அழுத்தற, கட்டை விரலா, சுண்டு விரலா?"

"நீங்க சொல்லுங்க!"

"தெரியல. அழுத்து, அழுத்து, நிறுத்தாத."